மலிவான ஆடியோ இன்டர்ஃபேஸ்: ஏழு வருஷம், இரண்டு பெட்டிகள்

நான் முதலில் வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் திருகின் மேல் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. முதல் மைக்கோடு பாடிய காலம் முழுக்க அந்தக் கோடு கடிகாரத்தில் நாலரை மணி இருக்கும் இடத்திலேயே நின்றது. அதாவது, திருகு கிட்டத்தட்ட முடிகிற இடம். அதற்குக் கொஞ்சம் கீழே வைத்தால் குரல் பதிவில் எறும்பு பேசியது போல இருக்கும், கொஞ்சம் மேலே தள்ளினால் குரலோடு சேர்ந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் பொங்கி வரும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு இடம் இருந்தது. தினமும் ராத்திரி அதைத் தேடிப் பிடிக்கவே பத்து நிமிஷம் போய்விடும், அதற்குள் பாடலாம் என்று உட்கார்ந்த ஆசையில் பாதி வடிந்திருக்கும்.

இப்போது இருப்பது இரண்டாவது பெட்டி, மோட்டு எம்2. வாங்கி நாலு வருஷம் ஆகிறது. முதல் பெட்டியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த மாடலின் அடுத்த தலைமுறைகள் வந்துவிட்டன, தவிர அதில் நான் பட்ட பாட்டில் பாதிக்கு என் விவரக்குறைவுதான் காரணம். ‘வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்ய மலிவாக எதை வாங்கலாம்?’ என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. விலை குறைவான எந்தப் பெட்டியிலும் தயாரிப்பாளர் எங்கேயோ மிச்சம் பிடித்திருப்பார், அது எந்த இடம் என்று பாருங்கள், அந்த இடம் நீங்கள் தினமும் கை வைக்கிற இடமாக இல்லாவிட்டால் தைரியமாக வாங்குங்கள் என்கிறேன். மிச்சம் பிடிப்பது ஒலித்தரத்தில்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கேதான் ஏமாந்தேன்.

இன்டர்ஃபேஸ் செய்வது எளிய வேலை. மைக்கிலிருந்து வரும் மிகச் சின்ன மின்னழுத்தத்தை ப்ரீஆம்ப் பெருக்கும், கன்வெர்ட்டர் அதை எண்களாக மாற்றி யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும், திரும்பி வரும் எண்களை மறுபடி ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்கும். இதில் கன்வெர்ட்டர் என்கிற பகுதி இப்போது அவ்வளவு மலிவாகவும் அவ்வளவு நன்றாகவும் ஆகிவிட்டது, கீழ்விலைப் பெட்டியில் கூட அதைக் குறை சொல்ல இடமில்லை. ப்ரீஆம்ப் இரைச்சலும் அப்படித்தான். உள்ளீட்டு இரைச்சலை ஈஐஎன் என்று ஒரு எண்ணால் குறிப்பார்கள், எண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. 150 ஓம் மின்தடையுள்ள மூலத்துக்கு அறை வெப்பத்தில் இயற்பியலே விதிக்கிற எல்லை -131 டிபியு அளவில் இருக்கிறது, மலிவான நல்ல பெட்டிகளே -127, -128 என்று வந்து நிற்கின்றன. மூன்று நாலு டெசிபல் வித்தியாசம். என் அறையில் மின்விசிறியை நிறுத்தினாலே அதைவிட அதிகம் மிச்சமாகிறது.

அப்படியானால் என் முதல் பெட்டியில் அந்த ‘உஸ்ஸ்’ எங்கிருந்து வந்தது?

மைக்குக்கும் பெட்டிக்கும் ஜாதகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். நான் பாட வைத்திருந்தது டைனமிக் மைக். டைனமிக் மைக்குகளின் வெளியீடு குறைவு. எல்லோருக்கும் தெரிந்த ஷூர் எஸ்எம்7பியை எடுத்துக்கொண்டால் அதன் உணர்திறன் -59 டிபிவி, அதாவது ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட். ஆரம்பநிலைக் கண்டென்சர் மைக்கான ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 அதே சத்தத்துக்கு 14.1 மில்லிவோல்ட் தரும். 12 மடங்குக்கும் மேல். அதனால்தான் எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. 60 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தை ஆயிரம் மடங்கு பெருக்குவது. என் முதல் பெட்டியால் அந்த அளவுக்கு ஏற முடியாது. ஏறக்கூடிய உச்சிக்கும் கடைசிக் கால் திருப்பில்தான் போகும், அந்தக் கால் திருப்பில் சுத்தமும் இருக்காது. விலைப்பட்டியலில் ‘கெயின்’ என்ற வரிக்கு எதிரே இருந்த எண்ணை நான் வாங்கும்போது பார்க்கவே இல்லை. ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் தரம் அளக்கும் என்பதைச் சொல்லும் எண், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தது, அதைத்தான் பார்த்தேன்.

இதற்கு ஒட்டுவேலை ஒன்று உண்டு. கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் மாதிரியான சின்னப் பெருக்கிகளை மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே சொருகினால், பெட்டி மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் ஃபேண்டம் பவர் மின்சாரத்தில் இயங்கி 25, 27 டெசிபல் கூட்டிக் கொடுக்கும். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் பாடிப் பார்த்தேன், ‘உஸ்ஸ்’ போய்விட்டது. ஆனால் அந்தப் பெருக்கியின் விலையைப் பெட்டியின் விலையோடு கூட்டிப் பார்த்தால், முதலிலேயே அடுத்த படியில் இருந்த பெட்டியை வாங்கியிருக்கலாம் என்று வயிறு எரிந்தது. மாற்றாகக் கண்டென்சர் மைக் வாங்கினேன். கெயின் கஷ்டம் அன்றோடு தீர்ந்தது. அடுத்த கஷ்டமாக, அதுவரை பதிவில் இல்லாத தெரு, பக்கத்து அறைக் கதவு, நாற்காலியின் முனகல், சுவரில் பட்டுத் திரும்பும் என் குரல் எல்லாம் உள்ளே வந்தன. இப்போது துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடுகிறேன், மைக்கின் வாய் என்னையும் அலமாரியையும் பார்த்தபடி இருக்கும். சிரிக்கத் தோன்றும், ஆனால் எந்த இன்டர்ஃபேஸும் என் பதிவை இந்த அளவுக்கு மாற்றியதில்லை.

கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும், எல்லாப் பெட்டியிலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தும்போது ஹெட்ஃபோன் காதில் இருக்கக் கூடாது, ஸ்பீக்கர் சத்தம் குறைந்திருக்க வேண்டும். ‘டொப்’ என்று ஒரு அடி வரும், ஒருதரம் வாங்கினால் மறக்காது. ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடாவால் ஒலியைப் பிடிக்கும் வகை) வைத்திருப்பவர்கள் இந்தப் பொத்தானிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அடுத்தது தாமதம். லேட்டன்சி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்த விதம் இது: ஹெட்ஃபோனில் தாளத்தைப் போட்டுக்கொண்டு பாடுகிறேன், என் குரலே எனக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நடந்து வருகிறது. அதற்குக் காத்திருந்து பாடினால் தாளம் ஓடிவிடுகிறது, தாளத்தைப் பிடித்தால் குரல் குழறுகிறது. நாலு டேக் பாடிவிட்டு எனக்குத் தாளஞானமே இல்லையோ என்று உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு சுலபம்தான். கணினி ஒலியைச் சாம்பிள் என்கிற சின்ன அளவுகளாகப் பஃபரில் சேர்த்து வைத்துக் கையாளும். பஃபர் 256 சாம்பிள், வேகம் வினாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு திசைக்கு 5.8 மில்லி வினாடி. போகவும் வரவும் சேர்த்து 11.6. அதற்கு மேல் கன்வெர்ட்டர் எடுக்கும் நேரம், ட்ரைவர் (பெட்டியையும் கணினியையும் பேச வைக்கும் மென்பொருள்) பத்திரத்துக்காக ரகசியமாகச் சேர்த்துக்கொள்ளும் நேரம். இந்த ரகசியப் பங்குதான் பெட்டிக்குப் பெட்டி மாறுவது. அதை நீங்களே அளக்கலாம். பெட்டியின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளை நேராகச் சொருகி, மென்பொருளில் ஒரு ‘டிக்’ சத்தத்தை ஓடவிட்டு இன்னொரு ட்ராக்கில் பதிவு செய்து, இரண்டு டிக்குக்கும் நடுவே எத்தனை சாம்பிள் என்று பெரிதாக்கிப் பார்த்தால் போதும். என் முதல் பெட்டியில், 256 பஃபரில், ஏறக்குறைய 1,100 சாம்பிள் வந்தது. 25 மில்லி வினாடி. காற்றில் ஒலி ஒரு மில்லி வினாடிக்கு 34 சென்டிமீட்டர் போகும், அப்படிப் பார்த்தால் எட்டரை மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவன் என் குரலில் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நான் பாடியிருக்கிறேன். பஃபரை 64-க்கு இறக்கினால் தாமதம் குறையும், ஆனால் என் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கி ‘டப் டப்’ என்று ஒலியை வெட்டிவிடும்.

விண்டோஸில் இது முழுக்க ட்ரைவர் சமாச்சாரம். தாமதத்தைக் குறைக்க ஆசியோ (ASIO) என்று ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த முறை ஒன்று இருக்கிறது, அதில் நிறுவனம் தன் பெட்டிக்கென்றே எழுதிய ட்ரைவர் இருக்கிறதா, அல்லது ஆசியோ4ஆல் மாதிரிப் பொதுச் சட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்களா என்று வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். பெரிங்கர் யுஎம்சி22-ஐயும் யுஎம்சி202எச்டி-யையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்துப் பெயர், ஒரே நிறம். ஆனால் முதலாவது 48 கிலோஹெர்ட்ஸோடு நிற்கும், தனி ஆசியோ ட்ரைவர் கிடையாது. இரண்டாவதுக்குச் சொந்த ட்ரைவர் உண்டு. விண்டோஸில் பாடிப் பதிவு செய்பவருக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும், நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். மேக்கில் ஆப்பிளின் சொந்த ஒலி அமைப்பான கோர் ஆடியோ இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு. லினக்ஸில் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்று போட்டிருக்கும் பெட்டிகள் சொருகியதும் வேலை செய்யும், ஐபேடுக்கும் அந்த வார்த்தைதான் முக்கியம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னைப் போல ஒரு குரல், ஒரு கிட்டார் பதிவு செய்பவனுக்கு இந்தத் தாமதக் கணக்கே தேவையில்லை. டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் என் முதல் பெட்டியிலேயே இருந்தது, நான்தான் எட்டு மாதம் அதைத் தொடவில்லை. அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பாமலே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், தாமதம் பூஜ்யம் என்றே சொல்லலாம். மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும். குரலில் ரிவெர்ப் (கூடத்து எதிரொலி) போட்டுக் கேட்டால்தான் பாட வரும் என்பவர்களுக்கும், ஆம்ப்பின் ஒலியை மென்பொருளில் உண்டாக்கும் ஆம்ப் சிமுலேட்டர் வழியாக கிட்டார் வாசிப்பவர்களுக்கும் இது உதவாது, அவர்களுக்குத்தான் ட்ரைவர் உயிர். ஸ்டைன்பெர்க் யுஆர்22சி மாதிரிச் சில பெட்டிகள் ரிவெர்ப்பைப் பெட்டிக்குள்ளேயே செய்து தருகின்றன, அது ஒரு நல்ல குறுக்கு வழி.

முதல் பெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய ‘கீ’ சத்தம், எலி கத்துவது போல. மவுஸை நகர்த்தினால் சத்தமும் சேர்ந்து நெளிகிறது. பெட்டி செத்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். கேபிளை மாற்றினேன், யுஎஸ்பி துளையை மாற்றினேன், ட்ரைவரை அழித்துப் போட்டேன். சாயந்திரம் கைதவறி மடிக்கணினியின் சார்ஜர் கழன்றது, சத்தம் அப்படியே நின்றது. மறுபடி சொருகினால் எலி வந்துவிட்டது. கிரவுண்ட் லூப். மடிக்கணினி ஒரு வழியாகவும் ஸ்பீக்கர் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொட, அந்த வளையத்தில் கண்டதும் ஓடுகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்வது ஒரு தீர்வு, ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். சரியான தீர்வு ஸ்பீக்கர் கேபிளில் இருந்தது. நான் போட்டிருந்தது ஒரே கறுப்பு வளையம் உள்ள டிஎஸ் கேபிள். இரண்டு வளையம் உள்ள டிஆர்எஸ் கேபிளாக மாற்றியதும் எலி போய்விட்டது. பெட்டியின் வெளியீடும் ஸ்பீக்கரின் உள்ளீடும் பேலன்ஸ்டாக (வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் இணைப்பாக) இருந்தன, நடுவே நான் போட்ட கேபிள்தான் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியை மாற்றலாம் என்று யோசிக்கிற யாரும் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

192 கிலோஹெர்ட்ஸ் பற்றி ஒரு வரி போதும்: ஏழு வருஷத்தில் ஒருநாளும் அதில் பதிவு செய்ததில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். 24 பிட் என்பது காகிதத்தில் 144 டெசிபல், எந்தப் பெட்டியும் அவ்வளவு தருவதில்லை, ஆனால் அதனால் கிடைக்கும் சௌகரியம் உண்மையானது. உச்சம் -12 டெசிபல் பக்கம் இருக்கும்படி தாழ்வாகவே பதிவு செய்து பிறகு ஏற்றிக்கொள்ளலாம், சிவப்பு விளக்கைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. இந்த எண்களில் நான் மாட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். நண்பர் 44.1-இல் தாளம் அனுப்பியிருந்தார், பெட்டி ஒரு அமைப்பில் ஓட மென்பொருள் வேறொரு அமைப்பில் நிற்க, 48-இல் பதிவான என் குரல் 44.1-இல் ஓடியது. சுருதி ஒன்றரை அரைச்சுரம் இறங்கி, நான் தூக்கக் கலக்கத்தில் பாடியது போல இருந்தது. அவர் மரியாதைக்கு ‘குரல் நல்லா கனமா இருக்கு’ என்றார்.

யுஎஸ்பி 3 இருந்தால்தான் வேகம் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். இரண்டு சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 2.3 மெகாபிட் போதும், யுஎஸ்பி 2.0 பாதையின் அகலம் 480 மெகாபிட். சைக்கிள் போக ஆறுவழிச் சாலை.

யுஎஸ்பியில் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல, துளையை. என் முதல் பெட்டி போனது அதனால்தான். பின்பக்கத் துளை மூன்றாம் வருஷம் தளர ஆரம்பித்தது, கேபிள் லேசாக அசைந்தாலே தொடர்பு அறும். சரணம் முடிகிற இடத்தில், அன்றைக்கே நன்றாக அமைந்த ஒரே டேக்கில், திரை உறைந்து ‘சாதனம் காணவில்லை’ என்று வந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன், ட்ரைவரை மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று பதில் வந்தது. துளை ஆடுகிறது என்று படம் எடுத்து அனுப்பினேன், வேறு கணினியில் முயன்று பாருங்கள் என்று பதில் வந்தது. அதற்குள் உத்தரவாதமும் முடிந்திருந்தது. சரி என்று அடுத்ததைத் தேட ஆரம்பித்தேன்.

இரண்டாவது தடவை தேடும்போது ஒலி மாதிரிகளைக் கேட்டு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். நாலைந்து பெட்டிகளில் ஒரே குரலைப் பதிவு செய்து போட்டிருப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கெயின், ட்ரைவர், ஹெட்ஃபோன், மானிட்டர், பின்பக்கம். இவ்வளவுதான் பார்த்தேன்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 எல்லோரும் சொல்வது, 2011-லிருந்து தலைமுறை தலைமுறையாக வருகிறது. அப்போது கடையில் இருந்தது மூன்றாம் தலைமுறை, கெயின் 56 டெசிபல். ஏற்கனவே சூடுபட்டவன், தயங்கினேன். 2023-இல் வந்த நாலாம் தலைமுறையில் இது 69 டெசிபலாகிவிட்டது, தானாகக் கெயின் வைக்கிற வசதியும் வந்துவிட்டது, அன்று அது இருந்திருந்தால் ஒருவேளை அதையே வாங்கியிருப்பேன். ஒன்று கவனியுங்கள், அதே தலைமுறையின் ஸ்கார்லெட் சோலோ மாடலில் 57 டெசிபல்தான். பெயரும் தலைமுறையும் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஆடியன்ட் ஐடி4 பிடித்திருந்தது, உலோக உடம்பு, பெரிய திருகு, கிட்டாருக்குத் தனித் துளை, ஆனால் மைக் ப்ரீஆம்ப் ஒன்றே ஒன்று. தனியாளாகப் பாடுபவருக்கு அது தாராளம். நான் எப்போதாவது கிட்டாருக்கும் குரலுக்கும் தனித்தனி மைக் வைப்பேன், அதனால் விட்டுவிட்டேன். யுனிவர்சல் ஆடியோவின் வோல்ட் பெட்டிகளில் பழைய ட்யூப் ப்ரீஆம்பின் சாயலைச் சேர்க்கும் பொத்தான் இருக்கிறது, அழகாகவும் இருக்கின்றன. சாயலைப் பிறகு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம், பதிவிலேயே சேர்த்துவிட்டால் எடுக்க முடியாது என்பது என் கட்சி.

எம்2-வை எடுத்ததற்குக் காரணம் முன்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன வண்ணத்திரைதான் என்றால் சிரிப்பீர்கள். உள்ளே வரும் ஒலியின் அளவும் வெளியே போகும் ஒலியின் அளவும் அதில் பட்டையாக ஏறி இறங்கும். பல மலிவுப் பெட்டிகளில் பச்சை, சிவப்பு என்று ஒரே ஒரு விளக்குதான், சிவப்பு எரியும்போது காரியம் கெட்டிருக்கும். இதில் பெட்டியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பாடும்போதே ஓரக்கண்ணால் பட்டையைப் பார்த்துக்கொள்ள முடிகிறது, கணினித் திரையைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. கெயின் 60 டெசிபல். என் பழைய டைனமிக் மைக்கை மறுபடி வெளியே எடுத்தேன், மூன்று மணிப் பக்கம் வைத்தாலே போதுமாக இருக்கிறது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனி 48 வோல்ட் பொத்தான், தனி மானிட்டர் பொத்தான். குரலை மட்டும் நேரடியாகக் கேட்டுக்கொண்டு கிட்டாரைச் சிமுலேட்டர் வழியாகக் கேட்கலாம். பின்னால் ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் இது இருப்பதில்லை, கேபிளைப் பிடுங்கித்தான் அணைக்க வேண்டும். பிடுங்கிப் பிடுங்கித்தானே முதல் பெட்டியின் துளை தளர்ந்தது.

தாமதம் பற்றி மோட்டு சொல்வது 96 கிலோஹெர்ட்ஸில் 32 பஃபருக்குப் போய்வர 2.5 மில்லி வினாடி. என் கணினியில் நான் அந்த எல்லைக்குப் போவதில்லை, 48-இல் 128 வைத்துவிட்டு மறந்துவிட்டேன். நாலு வருஷத்தில் அந்த அமைப்புப் பெட்டியைத் திறந்தது நாலைந்து தரம் இருக்கும். முன்பு வாரத்துக்கு நாலைந்து தரம் திறப்பேன்.

குறைகளும் உண்டு. ஹெட்ஃபோன் துளை ஒன்றுதான், இன்னொருவரோடு சேர்ந்து பாட வேண்டுமானால் பிரிப்பான் போட வேண்டும். கெயின் திருகுகள் கையால் திருகுவது மட்டுமே, போன வாரம் எங்கே வைத்தேன் என்பதைப் பெட்டி நினைவில் வைக்காது. நான் ஒரு துண்டுத் தாளில் ‘குரல் 3 மணி, கிட்டார் 11 மணி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உரத்த ஆம்ப் முன்னால் மைக் வைப்பவர்களுக்கு உள்ளீட்டைத் தாழ்த்தும் பேட் பொத்தான் இல்லை. எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

ஹெட்ஃபோன் விஷயம் தனியாக ஒரு வார்த்தை. யுஎஸ்பி 2.0 துளையிலிருந்து கிடைப்பது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், மொத்தம் இரண்டரை வாட். அதிலேயே ஃபேண்டம் பவர், கன்வெர்ட்டர், விளக்கு எல்லாம் ஓடிய பிறகு மிச்சம்தான் ஹெட்ஃபோனுக்கு. மலிவுப் பெட்டியில் முதலில் கை வைக்கிற இடமும் இதுதான். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்ஃபோனை எடுத்தால் 32, 80, 250 ஓம் என்று கிடைக்கிறது, எண் கூடக் கூட அதே சத்தத்துக்குப் பெட்டி கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டும். 250 ஓம்தான் ஸ்டூடியோ தரம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை வாங்கி என் முதல் பெட்டியில் சொருகினால், முழுக்கத் திருகியும் தாளம் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலத்தான் இருந்தது. 80 ஓமுக்கு மாற்றிக்கொண்டேன். இன்டர்ஃபேஸையும் ஹெட்ஃபோனையும் சேர்த்தே யோசித்து வாங்குங்கள்.

எத்தனை உள்ளீடு வேண்டும் என்று கேட்டால், இரண்டு. டிரம்ஸ் பதிவு செய்யாத வரை இரண்டு போதும். என்றைக்காவது தேவைப்படும் என்று எட்டு உள்ளீட்டுப் பெட்டி வாங்கி ஆறு துளையில் தூசி படியவிட்டிருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதோடு இலவசமாக வரும் மென்பொருள் மூட்டையைப் பார்த்தும் வாங்க வேண்டாம். எனக்கு வந்ததில் பாதியை நிறுவவே இல்லை. பதிவு மென்பொருளான ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம், மேக்கில் கராஜ்பேண்ட் இருக்கிறது, லினக்ஸில் ஆர்டர் (Ardour) இருக்கிறது.

பழைய பெட்டியாக வாங்குவது நல்ல யோசனைதான், பத்து நிமிஷம் செலவழிக்கத் தயார் என்றால். மடிக்கணினியையும் சொந்த மைக்கையும் கொண்டுபோங்கள். முதலில் யுஎஸ்பி கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். மைக் எதுவும் சொருகாமல் கெயினை மெதுவாக முழுக்கத் திருகிக் கேளுங்கள். சீரான ‘உஸ்ஸ்’ வந்தால் பரவாயில்லை, ‘கறகற’ என்றால் திருகுக்குள் அழுக்கு அல்லது தேய்மானம். இரண்டு உள்ளீட்டிலும் ஃபேண்டம் பவரைப் போட்டுக் கண்டென்சர் மைக்கில் பேசிப் பாருங்கள். ஹெட்ஃபோன் சொருகியை விரலால் சுற்றிப் பாருங்கள், ஒரு காது விட்டுவிட்டு வந்தால் துளை போய்விட்டது. கடைசியாக, அந்த மாடலுக்கு உங்கள் கணினியின் இப்போதைய இயங்குதளத்துக்கு ட்ரைவர் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பெட்டி நன்றாக இருந்து ட்ரைவர் நின்றுபோன கதைகள் நிறைய, அந்த மாதிரிப் பெட்டி உங்களுக்குக் கிளாஸ் கம்ப்ளையன்ட்டாக இருந்தால் மட்டும்தான் உதவும்.

என் முதல் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. துளையை ஒருவர் மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார், இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. லினக்ஸ் போட்ட ஒரு கிழட்டு மடிக்கணினியில் சொருகியிருக்கிறான், ட்ரைவர் எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் போன் செய்து, “மாமா, இதுல எது வால்யூம், எது கெயின்? ரெண்டையும் திருகினா ரெண்டும் சத்தம் கூடுது” என்றான். ஒன்று உள்ளே போவதற்கு, ஒன்று உன் காதுக்கு, காதுக்குச் சத்தம் பத்தவில்லை என்று உள்ளே போவதைத் தொடாதே என்றேன். போன மாதம் போனபோது பார்த்தேன். கேபிளைப் பெட்டியோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டியிருக்கிறான், டைரக்ட் மானிட்டர் பொத்தான் உள்ளே போய் இருக்கிறது, என் பழைய மைக் இல்லாமல் ஏதோ ஒரு சின்னக் கண்டென்சர் வைத்திருக்கிறான். கெயின் திருகின் வெள்ளைக் கோடு பன்னிரண்டு மணியில் நின்றது.